இடக்கரை

கணக்கில் ஒன்றிரண்டு விரற்கடை பிசகினால் சர்வேயர் அலட்டிக்கொள்ள மாட்டார். வெயிலில் கருவியின் மட்டம் காட்டும் குமிழி கொஞ்சம் நகர்ந்திருக்கும், கோல் பிடிக்கிற ஆள் கொட்டாவி விட்டிருப்பான், அவசரத்தில் எழுதிய மூன்று எட்டாகியிருக்கும். இருபத்தெட்டு வருட சர்வீஸில் இதெல்லாம் சகஜம். ஆனால் அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் ஃபீல்டு புத்தகத்தை விரித்து வைத்து அவர் கூட்டிக் கழித்த கணக்கு அப்படிப் பிசகவில்லை. ஒரே சீராக, ரொம்ப ஒழுங்காக, முழுக்கத் தலைகீழாக வந்திருந்தது.

ஓடை பெரிய ஆற்றில் சேரும் முனையில் அதன் படுகை மட்டத்தை நூறு மீட்டர் என்று வைத்துக்கொண்டு, அன்று முழுவதும் ஓடையோரமாகவே மேல்நோக்கி அளந்து வந்திருந்தார். மேலே வர வர எண் கூட வேண்டும். ஓடை என்றால் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு வருவது, இதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. ஆனால் புத்தகத்தில் இருந்ததோ தொண்ணூற்றொன்பது புள்ளி எட்டு. அடுத்தது புள்ளி ஐந்து. அதற்கடுத்தது புள்ளி ஒன்று. அதாவது ஓடை ஆற்றுக்குப் போய்க்கொண்டிருக்கவில்லை. ஆற்றிலிருந்து கிளம்பி, கூழாங்கல் திட்டைத் தாண்டி, இவர் குடியிருக்கும் குவார்ட்டர்ஸைப் பார்த்துச் சரிந்து வந்துகொண்டிருந்தது.

மறுபடியும் கூட்டினார். அதேதான் வந்தது. பேனாவை மூடி வைத்தார். எதிரே மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு தலையணை உறையைப் பாதி மடித்தபடி அப்படியே நிறுத்திவிட்டு, சமையலறைப் பக்கம் தலையைச் சாய்த்தாள்.

“உங்களுக்குக் கேக்குதா?”

“என்னது?”

“ஓடை. சத்தம் மாறியிருக்கு.”

சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் நூறடி தள்ளித்தான் ஓடை. ஒரு வருடமாக அவள் அந்த ஜன்னலைத் திறந்ததில்லை, அந்தப் பக்கம் போனதும் இல்லை. மூடிய ஜன்னல் வழியாகவே அதன் சத்தம் அவளுக்கு அத்துப்படி.

“எப்பவும் போற சத்தம் கேக்கும். இப்ப வர்ற சத்தம் கேக்குது,” என்றாள்.

அவர் புத்தகத்தை மூடினார். மழை வரும்போலிருக்கிறது, காற்று மாறியிருக்கும் என்று ஏதோ சொல்லி வைத்தார். அவள் தலையணை உறையை மடித்து முடித்தாள்.

இந்த ஓடைக்கு வரைபடத்தில் பெயர்கூடக் கிடையாது. ஓடை எண் ஏழு, அவ்வளவுதான். கல்குவாரிக்குப் பின்னால் ஒரு பாறை வெடிப்பில் கசிந்து கிளம்பும். அங்கே யார் வேண்டுமானாலும் ஒரே எட்டில் தாண்டிவிடலாம். பிறகு மர அறுவை மில்லைச் சுற்றிக்கொண்டு, மேல் பாலத்துக்கு அடியில் நுழைந்து, நாணலுக்கு நடுவில் இரண்டு வளைவு வளைந்து, பழைய பம்ப் ஷெட்டைத் தாண்டி, குவார்ட்டர்ஸின் கொல்லைப்புறங்களை எல்லாம் எட்டிப் பார்த்துவிட்டு, கூழாங்கல் திட்டில் அகன்று, கீழ்ப் பாலத்தருகே ஆற்றில் போய் விழும். மொத்தம் நாலே கால் கிலோமீட்டர். விழுகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் பிகு பண்ணும். அதன் தெளிந்த தண்ணீர் ஆற்றின் கலங்கலோடு உடனே கலக்காது, ஐம்பதடி தூரம் கரையோரமாகத் தனியாகப் போகும். அப்புறம் எது ஓடை, எது ஆறு என்று யாராலும் பிரிக்க முடியாது. போன வருடம் மிளகு போனதும் அந்த வழியாகத்தான்.

மிளகு அவருடைய ஒரே மகள். பத்து வயது. உருவத்திலும் சரி, வாயிலும் சரி, அந்தப் பெயர் அவளுக்கு அச்சாகப் பொருந்தும். அவளுடைய உடம்பு இன்றுவரை கிடைக்கவில்லை.

மறுநாள் காலை கணக்கு விஷயத்தைக் கோல் பிடிப்பவனிடம் சொன்னார். ஆபீஸில் அவனுக்குக் கொக்கு என்று பெயர். ஆறடி உயரம், அதில் கழுத்தே ஓரடி இருக்கும். தண்ணீருக்குள் அளவுகோலை நட்டுப் பிடித்து, ஒரு காலைத் தூக்கி மறுகாலில் ஊன்றிக்கொண்டு மணிக்கணக்கில் நிற்பான்.

“கீழ ஆத்து அணைய மூடியிருப்பாங்க சார். தண்ணி எதுத்து ஏறுது,” என்றான் கொக்கு.

“தண்ணி ஏறலாம்யா. தரை எப்படிய்யா எறங்கும்?”

கொக்கு நிஜமாகவே யோசித்தான். “தரைக்கும் வயசாகுதில்ல சார். கூன் விழுந்திருக்கும்.”

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பார். கருவியை முக்காலியில் பொருத்தி, குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்து, கண்ணை வைத்தார். அவருடைய கருவி பழசு. அதில் பார்த்தால் உலகம் தலைகீழாகத் தெரியும்: வானம் கீழே, தண்ணீர் மேலே, மனிதர்கள் கூரையில் பல்லி மாதிரி. ஆபீஸில் மற்ற எல்லோரும் நேராகக் காட்டும் புதுக் கருவிகளுக்கு மாறிவிட்டார்கள். இவர் மட்டும் மாறவில்லை. கொக்கு தலைகீழாகத் தொங்கியபடி காது குடைவதையும், தலைகீழாகத் தும்முவதையும் பதினைந்து வருடமாகப் பார்த்து வருகிறார். சிறு வயதில் மிளகு இதில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, “அப்பா, கொக்கு மாமா வானத்துல விழப்போறார்!” என்று அலறியிருக்கிறாள்.

அன்று பகல் முழுக்க ஓடை வாயே திறக்கவில்லை. சலசலப்பு எதுவும் இல்லை. தண்ணீர் இரண்டு கரைக்கும் தளும்பி, எண்ணெய் போல அசையாமல் கிடந்தது. பத்து மணி வாக்கில் ஒரு காய்ந்த இலை அவர் காலருகே வந்து, ஒரு சுற்று சுற்றி, மெல்ல ஓடையின் மேல்பக்கமாக நகர்ந்து போனது. காற்று இல்லை. பதினொரு மணிக்கு வாசனை வந்தது. ஓடைக்கென்று ஒரு வாசனை உண்டு, நசுங்கிய புல்லும் ஈரக்கல்லும் கலந்தது. இது அதுவல்ல. ஊறிப்போன கயிறு, அடிச்சேறு, படகு எண்ணெய், நெடுநாள் வெயில் படாத எதுவோ. பெரிய ஆற்றின் வாசனை. அந்த வாசனைக்குள்தான் அவர் போன வருடம் மிளகைத் தேடிப் பன்னிரண்டு நாள் படகில் அலைந்திருக்கிறார். குப்பென்று அது வந்ததும் கருவியிலிருந்து கண்ணை எடுத்தார். ஓரமாகப் போய் உட்கார்ந்தார்.

“சார், இங்க பாருங்களேன்.” கொக்கு தண்ணீருக்குள் குனிந்து நின்றான். கையளவு மீன்கள் கூட்டமாக, ஒரே பக்கம் தலை வைத்து, அவன் முழங்காலை உரசிக்கொண்டு மேலே போய்க்கொண்டிருந்தன. “ஆத்து மீன் சார். இதுக்கு இங்க என்ன வேலை?”

சர்வேயர் கருவியைத் தூக்கிக்கொண்டு அடுத்த இடத்துக்கு நடந்தார். குவார்ட்டர்ஸ் கொல்லைகளுக்குப் பின்னால் வந்துவிட்டார்கள். அவருடைய வீட்டு ஜன்னல் தெரிந்தது. மட்டம் தொண்ணூற்றேழு புள்ளி இரண்டு. கருவியை நிறுத்தி அளக்க மிச்சம் இருந்தது ஆறு நிலைகள். அந்த ஆறு நிலைகளுக்காகத்தான் அவர் இந்த வேலையைத் தானே கேட்டு வாங்கியிருந்தார்.

அது என்ன விஷயம் என்று அவரைத் தவிர உயிரோடு இருக்கும் யாருக்கும் தெரியாது. ஓடையோ ஆறோ, தண்ணீர் போகும் திசையைப் பார்த்து நின்றுகொண்டு, இடது கைப் பக்கம் இருப்பதை இடக்கரை என்றும் வலது கைப் பக்கம் இருப்பதை வலக்கரை என்றும் எழுத வேண்டும். சர்வேயர் வேலையில் முதல் நாள் பாடம் இது. பதினோரு வருடத்துக்கு முன்னால், இதே ஓடையை இவர்தான் முதன்முதலில் அளந்தார். அப்போதும் முனையிலிருந்து மேல்நோக்கித்தான். தண்ணீருக்கு எதிர்முகமாக நடப்பதால் ஒவ்வொரு நிலையிலும் திரும்பி நின்று கரையை எழுதினார். கடைசி ஆறு நிலை பாக்கி இருக்கும்போது மைத்துனன் சைக்கிளில் வந்து, “மாமா, அக்காவுக்கு வலி எடுத்துடுச்சு” என்றான். சர்வேயருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. திரும்பி நிற்க நேரமில்லாமல் போகிற போக்கில் எழுதினார். இடது கைப் பக்கம் இருந்த பம்ப் ஷெட்டை இடக்கரை என்று எழுதினார். உண்மையில் அது வலக்கரை. அன்று சாயங்காலம் மிளகு பிறந்தாள்.

ஒரு மாதம் கழித்துத் தப்பைக் கண்டுபிடித்தார். அதற்குள் வரைபடம் அச்சுக்குப் போயிருந்தது. திருத்தச் சொல்லி எழுதிப் போட்டால் மேலதிகாரி கிழிகிழியென்று கிழிப்பார். பெயரில்லாத ஓடை, பாழடைந்த ஷெட், இதை எவன் பார்க்கப் போகிறான் என்று விட்டுவிட்டார்.

போன வருடம் அந்தப் பெருமழையன்று அவர் தலைமை ஆபீஸில் இருந்தார். மாலை நாலு மணிக்கு மீட்புப் படையிலிருந்து போன் வந்தது. “சார், ஓடை ஏழுல வெள்ளம். ஒரு குழந்தை பம்ப் ஷெட்டுல மாட்டியிருக்கு. வலக்கரைன்னு சொல்லிச்சாம். மேப்புல இடக்கரைன்னு இருக்கு. எது சரி?” மேலதிகாரி பக்கத்தில்தான் நின்றிருந்தார். சர்வேயர் அரை நொடி தயங்கினார். அந்த அரை நொடியை அவர் ஒரு வருடமாக ஒவ்வொரு நாளும் திரும்ப வாழ்கிறார். பிறகு சொன்னார்: “மேப்தான் சரி. குழந்தைக்கு என்னங்க தெரியும்?”

படை இடக்கரையில் போய் நின்றது. நடுவில் வெள்ளம். பாலம் சுற்றி மறுகரைக்குப் போக நாற்பது நிமிடம் ஆனது. ஷெட்டின் தரை மட்டும்தான் மிச்சம் இருந்தது.

எந்தப் பத்து வயதுக் குழந்தை வலக்கரை என்று சொல்லும்? மற்ற குழந்தைகள் அந்தப் பக்கம், இந்தப் பக்கம், மரத்துக்குப் பக்கத்தில் என்று சொல்லும். தண்ணீர் போகும் திசையைப் பார்த்து நின்று, வலது கையைத் தூக்கிப் பார்த்து, வலக்கரை என்று சொல்ல ஒரு சர்வேயர் மகளால்தான் முடியும். அது ஏன் அந்த அரை நொடியில் உறைக்கவில்லை? உறைக்கவில்லை. அவ்வளவுதான்.

இரண்டாம் நாள் சாயங்காலமும் கணக்குப் போட்டார். சரிவு இன்னும் கூடியிருந்தது. மனைவி டீ கொண்டுவந்து வைத்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு தலை வாரியிருந்தாள்.

“ஷெட்டுக்கு நாளைக்குத்தானே போறீங்க?”

“ம்.”

“இந்தத் தடவையாச்சும் சரியாப் போட்டுடுங்க.” கொஞ்ச நேரம் அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அவ எனக்குப் போன் பண்ணினப்போ எவ்ளோ தெளிவாச் சொன்னா தெரியுமா? அம்மா, வலக்கரை, மறந்துடாதே, ரெண்டு தடவை சொல்லு பாப்போம்னா. நான் ரெண்டு தடவை சொன்னேன். எந்த ஆபீஸ்ல இருந்தோ எவனோ இடக்கரைன்னு சொல்லிட்டானாம்.”

ஆரம்பத்தில் அந்த எவனோ ஒருவனை அவள் சபிப்பாள். நாக்கு அழுகிப் போகட்டும், கை விளங்காமல் போகட்டும் என்று, பாத்திரம் கழுவும்போதும் துணி உலர்த்தும்போதும். அவர் பேசாமல் கேட்டுக்கொள்வார், அது ஒருவகையில் ஆறுதலாகக்கூட இருந்தது. இப்போதெல்லாம் சபிப்பதில்லை.

“பாவம், அவனுக்கும் ஒரு பிள்ளை இருக்கும்,” என்றாள். “அதாச்சும் நல்லா இருக்கட்டும்.”

டீயைக் கையில் எடுத்தவர் மறுபடி கீழே வைத்தார். சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. இந்த வீட்டில் அவருக்கென்று மிச்சம் இருப்பது இவள் ஒருத்திதான், சொன்னால் அதுவும் போய்விடும். வாயை மூடிக்கொண்டார். அவள் எழுந்து போய், ஒரு வருடமாகச் சாத்திக் கிடந்த சமையலறை ஜன்னலின் கொக்கியை விலக்கித் திறந்தாள். ஆற்றின் வாசனை வீடு முழுக்க வந்து நின்றது.

“கிட்ட வந்திருக்கு,” என்றாள்.

மூன்றாம் நாள் காலையிலிருந்தே வானம் மூடிக்கொண்டிருந்தது. நாணல்கள் எல்லாம் ஓடையின் மேல்பக்கமாகச் சாய்ந்திருந்தன, யாரோ சீப்பால் வாரிவிட்டது போல. தவளைச் சத்தம் இல்லை, பூச்சிச் சத்தம் இல்லை, மர மில்லின் ரம்பம்கூட எங்கோ போர்வைக்குள் அறுப்பது போல் கேட்டது. மதியம் மூன்று மணிக்கு ஷெட் இருந்த இடத்துக்கு எதிர்க்கரைக்கு வந்து சேர்ந்தார்கள். இடக்கரையில் அவர்கள். வலக்கரையில், தண்ணீரின் விளிம்பில், பத்தடிக்குப் பத்தடி சிமென்ட் தரை. சுவர் இல்லை, கூரை இல்லை. நடுவில் முழங்கால் ஆழம் இருக்க வேண்டிய ஓடை, அடி தெரியாமல் கறுத்துக் கிடந்தது. அந்தத் தரையில் கோலை நட்டு ஒரு அளவு எடுத்துவிட்டால் அவர் வந்த வேலை முடிந்தது. வரைபடத்தில் ஷெட் வலக்கரைக்கு வந்துவிடும்.

“எறங்கிப் போயிடவா சார்?”

“வேணாம். பாலம் சுத்திப் போ.”

“நாப்பது நிமிஷம் ஆகும் சார்.”

“தெரியும்யா.”

அவர் குரலில் இருந்த எதையோ கேட்டு, கொக்கு மறுபேச்சுப் பேசாமல் கோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு மேல் பாலத்தை நோக்கி நடந்தான். நீளமான அந்தக் கழுத்து நாணலுக்கு மேலே கொஞ்ச நேரம் தெரிந்தது. பிறகு மறைந்தது.

தனியாக நின்றார். முக்காலியின் கால்களை மண்ணில் அழுத்தினார். குமிழி நடுவுக்கு வர மறுத்தது, ஐந்து நிமிடம் போராடி நிறுத்தினார். தண்ணீர் அவருடைய செருப்பு நுனிக்கு வந்திருந்தது. வந்தபோது இரண்டு எட்டு தள்ளி இருந்தது. எங்கேயும் சத்தமே இல்லாமல், ஆனால் ஏதோ பெரிதாக, அகலமாக, கீழிருந்து மேலே நகர்ந்து வந்துகொண்டிருப்பது உள்ளங்காலில் தெரிந்தது. பொழுது போக வேண்டுமே என்று கருவியில் கண்ணை வைத்து, சிமென்ட் தரைக்குத் திருப்பினார்.

தரையின் விளிம்பில் ஒரு சின்னப் பெண் நின்றிருந்தாள். பள்ளிக்கூடப் பையின் இரண்டு வாரையும் கையால் பிடித்துக்கொண்டு, அவர் பக்கம் பார்த்து நின்றாள்.

பக்கத்து மில் குடியிருப்புப் பிள்ளையாக இருக்கும் என்று நினைத்தார். கண்ணை எடுக்காமலே, “பாப்பா, அங்க நிக்காதே, தள்ளிப் போ” என்று கையை வீசினார். பெண் தள்ளிப் போகவில்லை. நேராக நின்றாள். ரொம்ப நேராக.

வீசிய கை அந்தரத்தில் நின்றது.

இந்தக் கருவியில் யாரும் நேராக நிற்க முடியாது.

மெல்லத் தலையைத் தூக்கினார். வெறும் கண்ணால் பார்த்தார். சிமென்ட் தரை காலியாக இருந்தது. காய்ந்து, வெளுத்து, ஒரு இலைகூட இல்லாமல். தரைக்குக் கீழே தண்ணீர். தண்ணீருக்குள் பிரதிபலித்த தரையின் நிழல். அந்த நிழலின் விளிம்பில் பாதம் பதித்து, தலைகீழாக, ஒரு பெண்ணின் நிழல்.

நிழல் இருந்தது. அதற்கு மேலே ஆள் இல்லை.

ஓட வேண்டும் என்று தோன்றியது. அதைவிடப் பெரிதாக இன்னொன்று தோன்றியது. குனிந்து மறுபடியும் கண்ணாடியில் கண்ணை வைத்தார். ஒரு வருடம் ஆகிறது அந்த முகத்தைப் பார்த்து. தலைமுடி நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. ஒரு பக்கப் பின்னல் அவிழ்ந்திருந்தது. உதடு நீலம். கண் மட்டும் அதே கண், எதையும் விடாமல் கேள்வி கேட்கிற அந்த மிளகுக் கண். உதடு அசைந்தது. சத்தம் இல்லை. அசைந்து, நின்று, மறுபடி அதே மாதிரி அசைந்தது. மூன்றாவது தடவை அவருக்குப் புரிந்தது.

நான் சரியாத்தானேப்பா சொன்னேன்?

ஒரு வருடமாக எந்த வாயை இறுக மூடிக்கொண்டு எல்லாவற்றையும் உள்ளே வைத்திருந்தாரோ அது திறந்துகொண்டது.

“நீ சொன்னதுதாம்மா சரி!” என்று கத்தினார். “வலக்கரைதான்! வலக்கரைதாம்மா! நான்தான் தப்பாப் போட்டேன். போன்ல நான்தான் இடக்கரைன்னு சொன்னேன். குழந்தைக்கு என்ன தெரியும்னு நான்தாம்மா சொன்னேன்!”

கத்தி முடித்து மூச்சு வாங்கும்போது, பின்னால் நாணல் சரசரத்தது.

மனைவி நின்றிருந்தாள். வீட்டிலிருந்து அப்படியே எழுந்து வந்தவள் போல, காலில் செருப்புக்கூட இல்லை. ஓடை வரும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கரையோரமாக வந்திருக்கிறாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று அவர் கேட்க வேண்டியிருக்கவில்லை. முகத்தில் தெரிந்தது.

“நீயா?” என்றாள்.

பதினாறு வருடத் தாம்பத்தியத்தில் அவள் அவரை நீ என்று சொன்னதில்லை.

“நான்... அது நம்ம மிளகுன்னு எனக்கு...”

“வேற யாரோட பிள்ளையா இருந்தா?”

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. அவருடைய தோளுக்கு மேலாக ஓடையைப் பார்த்தாள். பார்த்தவள் முகம் மாறியது. ஒரு வருடமாகச் செத்துக் கிடந்த முகம், பள்ளிக்கூட வாசலில் மணி அடித்ததும் மாறுகிற தாய்மார்களின் முகம் போல மாறியது.

“வந்துட்டியாடி,” என்றாள். “இவ்ளோ நேரமா?”

அவரைத் தாண்டி நடந்தாள். தண்ணீரில் இறங்கினாள். அலை எழவில்லை. முழங்கால். இடுப்பு. அவர் அவள் கையைப் பிடித்தார். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் உதறினாள். மார்பு. தோள். அவிழ்ந்த தலைமுடி ஒரு கணம் மேலே மிதந்து, மேல்நோக்கி நீண்டு, உள்ளே போனது. ஒரு குமிழிகூட வரவில்லை.

அவர் பாய்ந்தார். தண்ணீர் அவரைத் தூக்கியது. மெதுவாக, கோபமில்லாமல், ஒரு பொருளைத் தள்ளி வைப்பதுபோல, இடக்கரையில் கொண்டுவந்து போட்டது. எழுந்து மறுபடி இறங்கினார். மறுபடி இடக்கரை. வாயெல்லாம் ஆற்றுச் சேறு. மூன்றாம் தடவை கையை வீசி, காலை உதைத்து, அவள் பெயரைச் சொல்லி, மகள் பெயரைச் சொல்லி, நடு ஓடைவரை போய்விட்டார் என்று நினைத்தார். கண்ணைத் திறந்தபோது இடக்கரைப் புல் கன்னத்தில் குத்தியது.

எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தார் என்று தெரியவில்லை. எதிர்க்கரையில் நாணல் விலகியது. கொக்கு வந்துவிட்டான். வியர்க்க விறுவிறுக்க, சிமென்ட் தரையில் ஏறி, விளிம்பில் கோலை நட்டு, வழக்கம்போல ஒரு காலைத் தூக்கி மறுகாலில் ஊன்றிக்கொண்டான்.

“சார்! வந்துட்டேன் சார்! ரீடிங் எடுங்க!” என்று கூவினான். “ஏன் சார் நனைஞ்சிருக்கீங்க? விழுந்துட்டீங்களா?”

சர்வேயர் முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கினார். கொக்கின் காலடியைப் பார்த்தார்.

தண்ணீர் சலனமில்லாமல் இருந்தது. கொக்கின் நீண்ட நிழல் கோலைப் பிடித்தபடி தலைகீழாக நின்றது. அதற்கு இந்தப் பக்கம், கையெட்டும் தூரத்தில், இன்னும் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். தரைமேல் கொக்கு ஒருவன்தான். தண்ணீருக்குள் மூன்று பேர். மனைவி குனிந்து மிளகின் அவிழ்ந்த பின்னலைப் போட்டுக்கொண்டிருந்தாள். பொறுமையாக, நுனிவரை. போட்டு முடித்ததும் நிமிர்ந்து இடக்கரையைப் பார்த்தாள்.

மிளகும் பார்த்தாள். இங்கே கிடப்பவர் யார் என்று அடையாளம் தெரிந்து, கையைத் தூக்கப் போனாள்.

மனைவி அந்தக் கையை இறக்கினாள். பிள்ளையின் கண்களைத் தன் உள்ளங்கையால் மூடினாள். முகத்தை அவரிடமிருந்து திருப்பித் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, முதுகைக் காட்டி நின்றாள்.